குமிழைக் குறைத்துப் பாருங்கள்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது எண்ணிக்கையைத்தான்: இத்தனை எஃபெக்ட், இத்தனை ஆம்ப் மாடல். அதை விடுங்கள். டிஸ்டார்ஷனைப் போட்டுவிட்டு, கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். நல்ல பெடலில் கரகரப்பு மெல்ல விலகி, தந்தியின் தெளிந்த ஒலி மேலெழும். விரலின் அழுத்தம்கூடக் காதில் படும். மட்டமானதில் அதே இரைச்சல் சன்னமாகக் கேட்கும், அவ்வளவுதான். எனக்கு இந்த ஒரு சோதனையே பாதி முடிவைச் சொல்லிவிடும். உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துப்போய்ச் செய்யுங்கள்.

அடுத்து, டிலேயில் ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு வேறு பேட்சுக்கு, அதாவது சேமித்துவைத்த வேறு ஒலியமைப்புக்கு, மாறுங்கள். எதிரொலி தேய்ந்து அடங்குகிறதா, சட்டென்று அறுந்துபோகிறதா? பாட்டின் நடுவே அந்த அறுபடல் எல்லோருக்கும் கேட்கும்.

இனி, இரண்டு பெடல்களைப் பற்றி. பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1 நான்கு டபுள் ஏ பேட்டரியிலேயே ஓடும். வா எஃபெக்ட்டுக்கு மிதிக்கும் பெடலும் அதிலேயே உண்டு. பழகுவதற்கு அருமையான பெட்டி. 2015-இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸில் சுவிட்சுகளுக்கு மேலே எஃபெக்ட்டின் பெயர் சிறு திரைகளில் ஒளிரும். இருட்டு மேடையிலும் நின்றபடியே படிக்கலாம். வாசிப்பவரின் கஷ்டம் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.