எடை குறைந்தால் போதுமா?

நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம்; திரைப்படத்துக்கு எழுதுகிறோம். ஒருவர் தம் கையால் மாற்றிக் கட்டிய மோட்டார் சைக்கிளுக்கும் மதிப்புரை எழுதலாம் அல்லவா? அதற்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவருக்கு ஒரு கருத்து இருக்கிறது. அந்தக் கருத்து சரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நூலில் பிழை இருந்தால் வாசகருக்கு நேரம்தான் வீண். வண்டியில் பிழை இருந்தால் உயிருக்கே கேடு.

நான் கண்ட வண்டி ஆலங்குளத்தில் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அன்று. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில், அரசு சிமென்ட் ஆலை அமைந்த ஆலங்குளம். சுற்றிலும் கரிசல் நிலமும் பட்டாசுத் தொழிலும். அங்கு உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, பக்கத்துப் பட்டறையில் ஓர் இளைஞர் பழைய ராஜ்தூத் 350 ஒன்றைப் பந்தய வண்டி போலக் கட்டி முடித்திருந்தார்.

"அண்ணாச்சி, இருபத்திரண்டு கிலோ குறைச்சிட்டேன். பழைய இரும்புக் கடைத் தராசுல வச்சு நிறுத்தே பாத்தாச்சு" என்றார்.

அவருடைய பெருமிதம் நியாயமானதே. வேலை துப்புரவாக இருந்தது. ஆனால் எனக்குள் ஒரு வினா எழுந்தது: எந்த இருபத்திரண்டு கிலோ?

மூல வண்டியின் கதை

ஜப்பானின் யமஹா நிறுவனம் 1973இல் ஆர்.டி. 350 என்ற வண்டியை வெளியிட்டது. டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு எஞ்சின், இரண்டு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு 347 கன சென்டிமீட்டர், ஆறு கியர்கள். திறன் 39 குதிரைத்திறன். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். அந்த நாளில் இந்த அளவு எஞ்சினுக்கு இது வியப்பான திறன்.

இந்த வண்டியை 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் நம் நாட்டில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் தயாரித்தது. இந்தியச் சாலைக்கும் எரிபொருள் சிக்கனத்துக்கும் ஏற்ப எஞ்சின் திறனைக் குறைத்தார்கள். முதலில் வந்த வகை 30.5 குதிரைத்திறன், பின்னர் வந்தது 27. அப்போது நம் சாலைகளில் கம்பீரமாக வலம் வந்த புல்லட் 350இன் திறன் ஏறத்தாழ 18தான் என்பதை நினைத்துப் பாருங்கள். குறைத்த பின்னும் ராஜ்தூத் மற்ற வண்டிகளை எளிதில் முந்தியது.

திறனோடு இன்னொன்றையும் மாற்றினார்கள். முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம் பிரேக் வைத்தார்கள். என் கருத்தில் மூல வண்டியின் பெருங்குறை இதுதான். டிரம் பிரேக்கில் உராய்வுக் கட்டைகள் ஒரு மூடிய உருளைக்குள் இருந்துகொண்டு அதன் சுவரை அழுத்துகின்றன. சூடு ஏறும்போது உருளை விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. கட்டையின் பிடிப்பும் குறைகிறது. டிஸ்க் பிரேக்கில் தகடு காற்றில் திறந்து கிடப்பதால் சூடு விரைவில் வெளியேறுகிறது. வேகமான வண்டிக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆர்.டி. என்ற எழுத்துகளுக்கு 'ரேபிட் டெத்', அதாவது விரைந்த சாவு என்று இளைஞர்கள் விளையாட்டாகப் பொருள் சொன்னதுண்டு. அந்த விளையாட்டுக்குள் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஆகவே, இந்த வண்டியைத் திருத்திக் கட்டுபவர் முதலில் கேட்க வேண்டிய வினா, 'எதைக் கழற்றலாம்?' என்பதன்று, 'இதை எப்படி நிறுத்துவது?' என்பதே.

ஒரு சிறு கணக்கு

எடை குறைப்பதால் நன்மையே இல்லையா? உண்டு. அதையும் நேர்மையாகக் கணக்கிடுவோம். வண்டியின் எடை ஏறத்தாழ 155 கிலோ; ஓட்டுபவர் 70 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 225. இதில் 22 போனால் 203. விசை மாறாமல் நிறை குறைந்தால் முடுக்கம் கூடும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி. இங்கே அது 11 சதவீதம் கூடுகிறது. கையால் உணரக்கூடிய முன்னேற்றம்தான்.

இனி, பிரேக்கின் பக்கம் நின்று பாருங்கள். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இயக்க ஆற்றல் நிறைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 225 கிலோவின் ஆற்றல் ஏறத்தாழ 87,000 ஜூல். 203 கிலோவுக்கு 78,000 ஜூல். நல்ல லாபம். ஆனால் எடை குறைந்த வண்டியை 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆற்றல் மறுபடியும் 86,000 ஜூலைத் தாண்டிவிடுகிறது!

இருபத்திரண்டு கிலோவைக் கழற்ற அந்த இளைஞருக்கு எத்தனையோ நாள் பிடித்திருக்கும். பிரேக்குக்குக் கிடைத்த அந்த லாபத்தை, வேகத்தில் கூடிய வெறும் ஐந்து கிலோமீட்டர் விழுங்கிவிடுகிறது. எடை குறைந்த வண்டியை யாராவது பழைய வேகத்திலேயே ஓட்டுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

கழற்றியவை மூவகை

அவர் கழற்றிய பொருள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். அவற்றை நான் மூன்று குவியலாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதல் குவியல், போனதால் கேடில்லாதவை. சென்டர் ஸ்டாண்டு, பின்புறக் கைப்பிடிக் கம்பி, இருவர் அமரும் கனமான சீட்டின் இரும்புத் தட்டு ஆகியவை. ஒருவர் மட்டுமே ஓட்டும் வண்டி என்றால் இவை இல்லாமல் இருக்கலாம். கண்ணாடி இழையால் அவரே செய்த சீட்டு மெலிதாகவும் உறுதியாகவும் இருந்தது. இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண்.

இரண்டாம் குவியல், வேலை தெரியாமல் கழற்றப்பட்டவை. முன் சக்கரத்து மட்கார்டு மழைச்சேற்றைத் தடுக்க மட்டும் இருப்பதன்று. அதைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டை முன் ஃபோர்க்கின் இரு கால்களையும் ஒன்றாகப் பிணைக்கிறது. அது போனால் பிரேக் அழுத்தும்போதும் வளைவில் சாயும்போதும் இரு கால்களும் தனித்தனியே முறுக்கிக்கொள்ளும். காற்று வடிகட்டியின் பெட்டியும் அப்படியே. அதை எடுத்துவிட்டு, கார்ப்பரேட்டரின் ஜெட்டை மாற்றாமல் விட்டால் காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். கலவை மெலிந்தால் சூடு ஏறும். இருவீச்சு எஞ்சினில் சூடு மிகுந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஓடும்போதே பின் சக்கரம் நின்றுவிடும்.

சைலன்சரையும் இதே குவியலில்தான் சேர்க்க வேண்டும். அதன் உள் தடுப்பை உருவிவிட்டு நீளத்தையும் வெட்டியிருந்தார். சத்தம் கூடியது, திறனும் கூடிவிட்டது என்று நம்பினார். உண்மை வேறு. இருவீச்சு எஞ்சினில் புகைக்குழாய் வெறும் போக்கு வழியன்று. வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயின் ஒடுங்கிய முனையில் மோதித் திரும்பி வருகிறது. சிலிண்டரை விட்டு நழுவ முயலும் புதிய கலவையை அந்த அலை உள்ளே தள்ளிவிடுகிறது. அலை சரியான நொடியில் திரும்பிவர வேண்டுமானால் குழாயின் நீளமும் வடிவமும் கணக்காக இருக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இதை நுணுக்கமாக வளர்த்து, சிறு எஞ்சின்களிலிருந்து பெருந்திறன் பெற்றார். அப்படிப்பட்ட குழாயை ரம்பத்தால் அறுப்பது, நாதசுவரத்தைப் பாதியாக வெட்டிவிட்டு இன்னும் நன்றாக வாசிக்கலாம் என்று நினைப்பது போன்றது.

அந்த வட்டாரத்துக்கென்றே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருவீச்சு எஞ்சினின் குழாயில் கரி படியும். தடுப்பில்லாத குழாயிலிருந்து அந்தக் கரித்துகள்கள் கனன்றுகொண்டே வெளியே தெறிக்கலாம். வெடிமருந்து உலரும் ஊர்களின் வழியே ஓடும் வண்டிக்கு அது ஆகுமா?

மூன்றாம் குவியல்தான் என்னைத் திடுக்கிடச் செய்தது. அது குவியலே அன்று; வெறும் இரும்புத் துருவல். பின் பிரேக்கின் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாதபடி இழுத்துப் பிடிக்கும் ஓர் இரும்புப் பட்டை உண்டு. அழகுக்காகவும் எடை குறையவும் அந்தப் பட்டையில் வரிசையாக ஐந்து துளைகள் போட்டிருந்தார். ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் விட்டம். பட்டையின் தடிப்பு 6 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து துளைகளிலும் போன இரும்பு 20 கிராமுக்கும் குறைவு! காலையில் ஒரு டம்ளர் தேநீரைக் குறைத்தால் இதைவிட அதிகம் குறையும்.

இந்த 20 கிராமுக்கு அவர் கொடுத்த விலை என்ன? அகலமான தகட்டில் ஒரு சிறு வட்டத் துளையிட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஒடுங்கிய பட்டையில் நிலைமை இன்னும் மோசம். மிஞ்சி நிற்கும் இரும்பே கொஞ்சம்தான். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஓரம் இழுபடுகிறது. நூறு முறை தாங்கும். ஆயிரம் முறை தாங்கும். பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு தொடங்கி மெல்ல வளரும். பட்டை அறுந்தால் பிரேக் தட்டு சக்கரத்தோடு சுழன்று, பிரேக் கம்பியைச் சுருட்டி இழுத்துச் சக்கரத்தை இறுக்கிவிடும். அது நிகழ்வது வண்டி பட்டறையில் நிற்கும்போதன்று. அவசரமாகப் பிரேக் போடும்போதுதான்.

வாணத்தின் குச்சி

இதை அந்த இளைஞருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை. வாணத்தைப் பற்றிக் கேட்டேன்.

"தம்பி, ராக்கெட் வாணத்துல குச்சி எதுக்கு? அதுல மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் பாரந்தானே? ஒடிச்சுப் போட்டா இன்னும் உயரமாப் போகுமா?"

அவர் சிரித்துவிட்டார். "குச்சி இல்லாட்டி கூரை மேலதான் போகும் அண்ணாச்சி!"

இதுதான் முழு விடையும். குச்சி, காற்று அழுத்தும் மையத்தை வாணத்தின் நிறை மையத்துக்குப் பின்னால் கொண்டுசென்று அதை நேராகச் செலுத்துகிறது. எரியாத, உந்தாத, ஆனால் இல்லாமல் முடியாத எடை அது. வண்டியிலும் இப்படிப்பட்ட குச்சிகள் பல. அவற்றை அடையாளம் காண்பதே எடை குறைக்கும் கலையின் முதல் பாடம்.

இரண்டாவது பாடம், கிலோவுக்குக் கிலோ சமமன்று என்பது. சட்டத்திலிருந்து எடுத்த ஒரு கிலோ ஒரு கிலோதான். சக்கரத்தின் ரிம்மிலிருந்து எடுத்த ஒரு கிலோவோ, முடுக்கத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ இரண்டு கிலோவுக்குச் சமம். ஏனெனில் ரிம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் ஆற்றல் செலவாகிறது. ஆகவே இரும்பு ரிம்முக்குப் பதில் தரமான அலுமினிய ரிம் போட்டிருந்தால், தராசில் குறைவாகவும் சாலையில் அதிகமாகவும் லாபம் கிடைத்திருக்கும். நம் இளைஞர் இரும்பு ரிம்மைத் தொடவே இல்லை.

மூன்றாவது பாடம் நியூசிலாந்திலிருந்து வருகிறது. ஜான் பிரிட்டன் என்பவர் 1990களின் தொடக்கத்தில் சிறு குழுவினரோடு தம் சொந்தப் பட்டறையில் வி1000 என்ற பந்தய வண்டியைக் கட்டினார். 1000 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 138 கிலோதான். ராஜ்தூத் 350ஐ விடக் குறைவு! எப்படி முடிந்தது? எஞ்சினையே வண்டியின் சட்டமாக அமைத்தார். முன் பின் சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகளை அதிலேயே பிணைத்தார். ஓர் உறுப்பு இரண்டு வேலை செய்தால் இரண்டாவது உறுப்பே தேவையில்லை. இந்தப் பாடம் நம் ராஜ்தூத்திலேயே, அந்த முன் மட்கார்டுப் பட்டையிலேயே இருந்தது. அதைத்தான் அவர் கழற்றி எறிந்திருந்தார்.

சாலையும் பந்தயத் தளமும்

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வேகத்தைச் சோதிக்க இடமே இல்லையா என்றால், இருக்கிறது. முன்பு சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே அமைத்த தளம் இருக்கிறது. அங்கே எதிரே சிமென்ட் லாரி வராது. குறுக்கே ஆடு வராது.

முடிவாக, என் மதிப்பீடு இது. கைத்திறனில் இந்த வண்டி உயர்ந்தது, சிந்தனையில் அரைகுறை. தராசு காட்டிய எண்ணை அவர் நம்பினார்; ஒவ்வோர் உறுப்பையும் கையில் எடுத்து 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்று கேட்கவில்லை. அந்த வினாவைக் கேட்கத் தெரிந்தவரே பொறியாளர். அதற்குப் பட்டமும் தேவையில்லை, பெரிய தொழிற்சாலையும் தேவையில்லை.

நான் விடைபெற்றபோது அவர் ஒன்றும் பேசாமல் ஸ்பேனரை எடுத்து அந்தத் துளையிட்ட பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருபது கிராம் கூடிய அந்த வண்டி, நான் முதலில் கண்ட வண்டியைவிட மேலானது.