“வீட்ல கேட்டுக்கங்க”

தேர்தல் நேரத்து ‘மக்கள் கருத்து’ இன்று தமிழில் தனியொரு வகைமை. அதற்கென்று இலக்கணமும் உண்டு. டீக்கடை பெஞ்சில் ஆண்கள் கூட்டணி, பிரதமர், எல்லைப் பாதுகாப்பு என்று பேசுவார்கள். பிறகு மைக் ரேஷன் கடை வரிசைக்கோ தண்ணீர்க் குழாயடிக்கோ போகும். அங்கே பெண்கள் சிலிண்டர் விலையையும் ஆயிரம் ரூபாயையும் பேசுவார்கள். ஆண் பேசியது அரசியல், பெண் பேசியது குறை என்று தொகுப்பாளர் பிரித்துக்கொள்வார். 2024 மக்களவைத் தேர்தலையொட்டி வந்த பேட்டிகளையும் கணிப்புகளையும் ஒரு பிரதியை வாசிப்பதுபோல் வாசித்தால் என்ன கிடைக்கும்?

முதலில் கிடைப்பது ஒரு வாக்கியம். “யாருக்குப் போடுவீங்க?” என்றதும் பெண்கள் சொல்லும் “தெரியலங்க, வீட்ல கேட்டுக்கங்க.” ‘வீட்ல’ என்றால் கணவர் என்பது நமக்குப் புரியும். கணிப்பாளர் இதைக் கருத்தில்லாமை என்று குறித்துக்கொள்கிறார். நான் அப்படி வாசிக்கமாட்டேன். அனந்தபுரம் போன்ற சின்ன ஊரில் மைக் முன்னால் நிற்கும் பெண்ணைச் சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்: மாமியார், பக்கத்துத் தெருக் கிளைச் செயலாளர், நாளைக்கு ஒரு மனுவில் கையெழுத்துக்காகப் போய் நிற்க வேண்டிய ஆள். குழுக் கடன் வசூலுக்கு வருபவரிடமும் சீட்டில் சேரச் சொல்பவரிடமும் அவள் சொல்வது இதே வாக்கியத்தைத்தான். அது மரியாதையாகக் கதவைச் சாத்தும் முறை. ரகசிய வாக்கெடுப்பு என்பதைச் சட்டம் எழுதியவர்களைவிட அவள் கறாராகக் கடைப்பிடிக்கிறாள்.

கணவர் சொல்லும் சின்னத்தில் போடும் பெண்களே இல்லையா? இருக்கிறார்கள். சாதிச் சங்கம் சொன்னபடி போடும் ஆண்களும், ஊர்க்கூட்டத்தில் முடிவானபடி போடும் ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் “நீங்களே முடிவு செய்தீர்களா?” என்று எந்த மைக்கும் கேட்பதில்லை.

‘தெரியாது’, ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற பதில்களுக்கு நடப்பது இதுதான்: அவற்றைக் கணக்கிலிருந்து நீக்குவார்கள், அல்லது வாய் திறந்தவர்களின் விகிதப்படியே பங்கிட்டுவிடுவார்கள். சொல்லாதவளும் சொன்னவரைப் போலத்தான் போடுவாள் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கமே அலை அடிக்கும் தேர்தலில் இதனால் பெரிய சேதமில்லை. இழுபறியான தேர்தலில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது அந்தச் சிறு சதவீதம்தானே? 2024 ஜூன் 1 அன்று வந்த வாக்குக் கணிப்புகளில் பெரும்பாலானவை ஆளும் கூட்டணிக்கு 350 முதல் 400 இடங்கள் என்றன. ஜூன் 4 அன்று வந்தது 293. தனிப்பெரும்பான்மைக்கு 272 வேண்டும், பா.ஜ.க.வுக்குக் கிடைத்தது 240. ஒரு கணிப்பு நிறுவனத் தலைவர் நேரலையிலேயே அழுதார். (ஆண் அழுதால் அது செய்தி.) கணிப்பு தவறியதற்குப் பெண்கள்தான் காரணம் என்பது என் வாதமல்ல. வாய்திறக்காதவர்களைக் கழித்துவிட்டுத் தேசத்தின் மனநிலை என்று தலைப்பிடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. அதே ஆண்டு லோக்நீதி–சி.எஸ்.டி.எஸ். 19 மாநிலங்களில் சுமார் 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில் வேலையின்மையும் விலைவாசியும்தான் முதலிரண்டு கவலைகளாக வந்தன. ரேஷன் கடை வரிசையில் ‘குறை’ என்று ஒதுக்கப்பட்ட அதே பேச்சு.

2020 பீகார் தேர்தலுக்குப் பின் பெண்களை ‘மௌன வாக்காளர்கள்’ என்று பிரதமர் பாராட்டினார். பாராட்டாக இருந்தாலும் இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1935 சட்டத்தின்கீழ் பல பெண்களுக்கு வாக்குரிமை வந்தது கணவனின் சொத்துத் தகுதியை வைத்து. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலின்போது ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்று மட்டுமே பதிவான சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் எடுத்த அந்த முடிவு கறாரானது, சரியானது என்றும் எனக்குப் படுகிறது. சொந்தப் பெயரைச் சொன்னால்தான் வாக்கு என்று ஓர் அரசு பெண்ணிடம் முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான். அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் சுட்டக்கூடாது என்பது இலக்கண விதி. வாக்காளர் பட்டியலில் அந்த விதி செல்லாமல் போனது நல்லதுதான். இன்று 2019, 2024 இரண்டு தேர்தல்களிலும் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் ஆண்களுடையதை ஒரு நூல் தாண்டியிருக்கிறது. ஆனாலும் 2024 தேர்தலில் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர்தான்.

‘மௌனம்’ போக இன்னொரு சொல், ‘பயனாளி’. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையைத் தமிழக அரசே ‘உரிமை’ என்று பெயரிட்டுக் கொடுக்கிறது. பேட்டி எடுப்பவர் அதை ‘இலவசம்’ என்று மாற்றி, “அதுக்காகவா ஓட்டு?” என்று கேட்கிறார். 2024 மார்ச் 8 அன்று சிலிண்டர் விலை 100 ரூபாய் குறைந்தபோது அது மகளிர் தினப் பரிசு என்று சொல்லப்பட்டது. அந்த அடுப்பில் வெந்த சோற்றை வீட்டில் எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள். 2019 முதல் நிலமுள்ள விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். “இலவசத்துக்காகவா போட்டீங்க?” என்று அவரை யாரும் கேட்பதில்லை. அது விவசாயக் கொள்கை. அவர் நிலத்தில் களையெடுக்கும் பெண்ணுக்கு அந்த ஆறாயிரத்தில் பங்கில்லை என்பது கேள்வித்தாளில் எங்கும் வராது.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. அனந்தபுரம் பேரூராட்சி. நூறு நாள் வேலைச் சட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் என்றே இருந்தது. 2024 ஏப்ரலில் தமிழகத்துக்கு அறிவித்த கூலி 319 ரூபாயாக இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, ஊராட்சியில் இருக்கும் பெண்ணிடம் வேலை அட்டை இருக்கிறது. இங்கே இருப்பவளும் அதே மல்லாட்டைக் கொல்லையில், அதே நடவில்தான் நிற்கிறாள். அரசுக் கணக்கில் இவள் நகர்ப்புறத்துப் பெண். கணிப்பின் நகரம்–கிராமம் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் விழுவாள்? தில்லி சம்பந்தப்பட்ட இதைவிடக் கூர்மையான கருத்து இவளிடம் இருக்க முடியாது. கேட்டால் சொல்வாள், “நாங்க பேருக்குத்தான் டவுனு” என்று. கேட்கப்படுவதோ, “அடுத்த பிரதமர் யார்?” திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதையும் அப்படித்தான். தேர்தலுக்குத் தேர்தல் பேசப்படுகிறது, செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. ஆண்களிடம் அது ‘வட்டார வளர்ச்சி’ பற்றிய கேள்வியாகப் போகிறது. கல்லூரி முடித்த மகளை வெளியூர் வேலைக்கு அனுப்பலாமா, இருட்டுவதற்குள் திரும்புவாளா என்று பஸ் நேரத்தை வைத்து முடிவெடுக்கும் தாயிடம் அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த தேர்தலுக்கும் மைக் வரும். அதற்குள் கணிப்பு வெளியிடுபவர்கள் ஒன்று செய்யலாம். ‘தெரியாது’ என்ற பத்தியைப் பங்கிடாமல், ஆண் எத்தனை, பெண் எத்தனை, கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதோடு அச்சிடலாம். எங்கள் மாணவிகளிடம் ஆய்வுக்குக் கொடுக்க எனக்கு அந்தப் பத்தி போதும்.