சபையும் தனிச் செவியும்

சென்னையின் டிசம்பர் சங்கீத விழா 2020-ல் ஆளில்லாத அரங்குகளிலிருந்து இணைய வழியாக வீடுகளுக்கு வந்தபோது நம்மிடையே எழுந்த பேச்சு இரண்டு வகைப்பட்டது. ஒன்று ஒப்பாரி: கைதட்டல் இல்லை, காண்டீன் இல்லை, பட்டுப்புடவை இல்லை, ஆகவே சங்கீதமும் இல்லை. மற்றது குதூகலம்: சாய்வு நாற்காலியில், வேண்டிய நேரத்தில், வேண்டியவரைக் கேட்கலாம், இனி என்ன குறை? இரண்டு கட்சிக்காரர்களும் பேசியது சௌகரிய அசௌகரியங்களைப் பற்றி மட்டுமே. கேட்டல் என்ற காரியத்துக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி இருவருக்குமே எழவில்லை.

நோய்க்காலம் போய், அரங்குகள் திறந்து, கூட்டமும் திரும்பிவிட்டபின் இதைக் கிளறுவது வீண் வேலையாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரங்குகள் திறந்த பிறகும் கச்சேரிகள் வீடுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. என்னைப்போல் சென்னைக்கு வெகுதூரத்தில், ஒரு ஜில்லாத் தலைநகரில் காலம் தள்ளுகிறவனுக்கு டிசம்பர் விழா வீட்டுக்குள் நடக்கிற ஒன்றாகவே ஆகிவிட்டது. ஆகவே இது என் செவியின் பிரச்னை.

முதல் கட்சியின் வாதம் இது: எதிரே ரசிகர் இல்லாவிட்டால் பாடகருக்கு உற்சாகம் பிறக்காது, உற்சாகம் இல்லாத இடத்தில் மனோதர்மம் இல்லை. இப்படிச் சொல்கிறவர்கள் தங்கள் செவிகளை எது உருவாக்கியது என்று ஒரு தரம் யோசிக்க வேண்டும். சென்னை வானொலி நிலையம் 1938-ல் தொடங்கிற்று. அதன் பின் பல பத்தாண்டுகளுக்குத் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் சங்கீதம் என்றால் பெரும்பாலும் வானொலிச் சங்கீதம்தான். அந்த வித்வான்கள் மூடிய அறையில், மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பாடினார்கள். கைதட்ட ஆளில்லை. தலையாட்ட, பக்கவாத்தியக்காரர்களைத் தவிர வேறு எவரும் இல்லை. அரை மணி என்றால் அரை மணி. அந்த அறைகளிலிருந்து வந்த ஆலாபனைகளைத்தான் இன்றும் ரசிகர்கள் பிரதிக்குமேல் பிரதி எடுத்துப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். காலி நாற்காலிகள் சங்கீதத்தைக் கொன்றுவிடும் என்பது உண்மையானால் இவற்றில் ஒன்றும் பிறந்திருக்க முடியாது.

இன்னும் பின்னே போகலாம். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். வித்வான்கள் அங்கே தேடிப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். பேச்சு மூச்சு கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். அவருடைய வீணையின் நாதம் மிக மெல்லியது. அதை அடையவேண்டுமானால் கேட்கிறவன் தன்னைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்று எந்தப் பெரிய அரங்கிலும் வீணை ஒலிபெருக்கி வழியாகத்தான் பின்வரிசையை அடைகிறது. ஆயிரம் பேருக்கு ஒரே அளவு சத்தம் தேவைப்படுகிறது. அதில் கமகத்தின் கடைசி இழை, மீட்டிய பின் தந்தியில் தேய்ந்து மறைகிற அந்தச் சிறு காலம், முதலில் பலியாகிறது. இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, காதுகளை மூடிய நல்ல ஹெட்போனில் ஒரு வீணைக் கச்சேரியை நான் கேட்டபோது, அந்தத் தேய்வு எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தவகையில் தனம்மாளின் கூடத்துக்குப் பெரிய அரங்கைவிட என் அறை பக்கத்தில் இருக்கிறது. தேவதாசி மரபில் வந்த அவருடைய வீட்டுக் கூடத்தை விட்டுச் சங்கீதம் சபாவுக்குக் குடிபெயர்ந்ததை மறுமலர்ச்சி என்று எழுதிப் பழகிவிட்டோம். அதில் கைவிடப்பட்டவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மார்கழிக்கும் கச்சேரிக்கும் ஏதோ ஆதி சம்பந்தம் இருப்பதாக ஒரு பாவனை நடமாடுகிறது. மார்கழியின் பழைய பாட்டு கோயிலிலும் வீதியிலும் விடியற்காலையில் இருந்தது. அது வேறு. நாம் அறிந்த டிசம்பர் விழாவின் வித்து, 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது அதையொட்டி நடந்த அகில இந்திய சங்கீத மகாநாடு. அதன் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கிற்று. ஆக, இந்த விழா நகரத்துப் படித்த வர்க்கம் தனக்கென்று அமைத்துக்கொண்ட ஒரு பொதுக்கூடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வர்க்கம் ஒரு காலத்தில் அமைத்துக்கொண்ட உருவத்தைச் சங்கீதத்தின் இயல்பான உருவம் என்று நினைக்கத் தேவையில்லை.

2020-ன் கச்சேரிகளில் எனக்கு ஏமாற்றம் தந்தது இந்த இடத்தில்தான். வெற்று நாற்காலிகளைப் பார்த்துக் கும்பிடு. ஒரு மணியோ சற்றுக் கூடவோ உள்ள நேரத்தில் வர்ணம் முதல் மங்களம் வரை அத்தனையும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரிப் பத்ததி ஒரு கூட்டத்தை மாலைப் பொழுது முழுக்கக் கட்டி வைத்திருப்பதற்கான சாமர்த்தியமான அமைப்பு. தாமதமாக வருகிறவனுக்கு ஒன்று, வித்வத்தை எதிர்பார்க்கிறவனுக்கு ஒன்று, எழுந்து போக நினைக்கிறவனை நிறுத்தத் துக்கடா. கூட்டமே இல்லாத இடத்தில் இந்தத் தந்திரங்கள் யாருக்கு? வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த ஒரு மணியையும் ஒரே தோடிக்குக் கொடுத்திருக்கலாம். ஆலாபனை, தானம், பல்லவி, அவ்வளவுதான். நான் கேட்டவற்றில் அந்தத் துணிவு இல்லை. வானொலி தன் நிர்ப்பந்தங்களிலிருந்து ஒரு தனி உருவத்தைச் செய்துகொண்டது. இணையக் கச்சேரி, அரங்கத்தைப் படம் பிடிப்பதோடு நின்றுவிட்டது.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய சண்டை நினைவுக்கு வரவேண்டும். கவியரங்கத்துக்கும் புதுக்கவிதைக்கும் நடந்த சண்டை. 1959-ல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கினார். அதில் வேரூன்றிய கவிதை, மேடையையும் கைதட்டலையும் உதறிவிட்டுத் தாளோடும் தனி வாசகனோடும் உறவு கொண்டது. கூட்டத்துக்காக எழுதப்படும் வரி கூட்டத்தின் முன்தீர்மானங்களுக்குப் பணிந்துவிடும் என்று நாம் வாதாடினோம். இரண்டு தரம் திருப்பிச் சொல்லி வாங்குகிற கைதட்டலைக் கேலி செய்தோம். அப்படிப்பட்ட நாமே சங்கீதம் என்று வந்தவுடன் சபையின் ஆரவாரம் இல்லாமல் கலை இல்லை என்று சொல்வதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. கல்பனை ஸ்வரத்தில் கணக்கு வந்து முடிகிற இடத்தில் எழும் கைதட்டல் கவியரங்கக் கைதட்டலிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 2020-ல் ஒரு பாட்டு முடிந்ததும் தம்புராவைத் தவிர ஒன்றும் கேட்காத அந்தச் சில கணங்களை நான் பெரிய லாபமாகக் கருதுகிறேன். அடுத்த பாட்டுக்கு முன் ராகத்தின் சாயை காதில் தங்க இடம் கிடைத்தது.

ஆனால் இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. கவிதை ஒரு வஸ்து. தாளில் அது நிற்கிறது, வாசகன் போய் வரலாம். திரும்பப் படிப்பது அதன் இயல்புக்கு விரோதமில்லை, சொல்லப்போனால் அதுவே வாசிப்பு. மனோதர்மம் ஒரு சம்பவம். பாடகர் அடுத்த பிடியை இன்னும் அறியாத ஒரு கணத்தில் நின்றுகொண்டிருக்கிறார். கேட்கிறவனும் அறியாமல் அதே கணத்தில் நிற்கிறான். காந்தாரத்தில் வெகுநேரம் நின்று, பஞ்சமத்தைத் தொடாமல் தொடாமல் தள்ளிப்போட்டுக் கடைசியில் அங்கே வந்து அமர்கிறபோது கிடைப்பது, அந்தத் தள்ளிப்போடுதலை முழுக்க அனுபவித்தவனுக்கு மட்டும். விரலால் ஒரு கோட்டை நகர்த்திப் பஞ்சமத்தில் நேராக இறங்குகிறவனுக்கு அது வெறும் பஞ்சமம்.

குதூகலக் கட்சி கவனிக்காதது இதை. வீட்டில் கேட்பதால் இழந்தது கூட்டத்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இழந்தது திரும்பி வராத காலத்தை. வானொலியில் அது இருந்தது. 1952-ல் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி சனிக்கிழமை இரவில் வரும். தவறவிட்டால் போயிற்று. கேட்கிறவன் தனியாகத்தான் இருந்தான், ஆனாலும் முகம் தெரியாத பலர் அதே நிமிஷத்தில் அதே நிஷாதத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற பிரக்ஞை அவனிடம் இருந்தது. இன்று எதுவும் போவதில்லை. எல்லாம் கிடக்கிறது. கிடக்கிற சங்கீதத்தை நாளைக்குக் கேட்கலாம்.

இதில் ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அரங்கத்தில் எத்தனை பேர் எழுந்து காபிக்குப் போகிறார்கள் என்பது மிருதங்க வித்வான்களின் நெடுநாள் மனக்குறை. அந்தக் கால்களின் வேலையைத்தான் வீட்டில் விரல் செய்கிறது. அரங்கம் கவனத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை, எழுந்து போவதற்குச் சற்றுக் கூச்சத்தைத் தருகிறது. அவ்வளவே. பாதிப் பேரிடம் அதுவும் இல்லை.

கவனம் என்றால் என்ன என்பதை என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். அவள் ஆயுளில் ஒரு சபாவின் படியை மிதித்ததில்லை. கூடத்தில் வானொலி, அடுக்களைப் பின்கட்டில் அவள். ராகங்களின் பெயர் பாதி தெரியாது. ஆனால் பைரவி என்று நான் அவசரப்பட்டுச் சொல்லும்போது, “அது இல்லடா, அதோட தங்கை” என்பாள். அறிவிப்பாளர் முகாரி என்று சொல்லி முடிப்பார். மாவு ஆட்டிக்கொண்டே கேட்பாள். ஏதோ ஓரிடத்தில் ஆட்டுக்கல் நின்றுவிடும். கல் நின்றால் பாட்டு எதையோ தொட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிறகு மெதுவாகக் கல் மறுபடி சுற்றும். சபாக்களின் கணக்கில் அவள் ரசிகை இல்லை. சீட்டு வாங்கவில்லை, தாளம் போடவில்லை, விமர்சனம் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தவர்களில் அவளளவு கேட்டவர்கள் குறைவு. அவளைப் போன்றவர்கள் இந்தச் சங்கீதத்துக்கு எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள்! அவர்களுடைய கேட்டலுக்கு வரலாறே இல்லை.

இதனால்தான் வீட்டுக் கச்சேரியை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அரங்கத்து வாசலில் யாரையும் யாரும் தடுப்பதில்லை என்று சொல்வார்கள். தடுப்பதற்கு ஆள் நிற்க வேண்டியதில்லை. முன்வரிசையின் உடை, பேச்சு, பரஸ்பர விசாரிப்பு, யார் யாருடைய மருமகள் என்ற தகவல் எல்லாம் சேர்ந்து, புதிதாக உள்ளே வருகிறவனிடம் நீ வேற்றாள் என்று சொல்லிவிடும். ஜாதியின் பெயரை உச்சரிக்காமலே ஜாதி அங்கே உட்கார்ந்திருக்கும். வீட்டில் இந்தச் சாட்சிகள் இல்லை. தோடி யாரையும் குலம் கேட்பதில்லை. பொழுதுக்கும் வேலை செய்துவிட்டு ராத்திரியில் கேட்கிற ஒருவன் சபாவின் சம்மதம் இல்லாமல் ரசிகனாகிவிட முடிகிறது. இதை அற்பமென்று ஒதுக்குகிறவர்கள் கதவுக்கு உள்ளே பிறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அவனுக்குக் கிடைப்பது எது என்பதையும் பார்க்க வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தர ஒலிகள் வருவதில்லை. தம்புராவின் மந்தர ஷட்ஜம் போய்விடுகிறது. மிருதங்கத்தின் தொப்பி போய்விடுகிறது, வலந்தலையின் தட்டல் மட்டும் மிஞ்சுகிறது. பாடகர் நிற்கிற தரையே இல்லாமல் அவர் குரல் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. இப்படிக் கேட்டு வளர்கிற செவிக்கு ச்ருதி என்பது என்னவாக இருக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. படத்தின் தெளிவுக்கும் மேடை அலங்காரத்துக்கும் செலவழிக்கிற அக்கறையில் கொஞ்சம், இந்த ஒலி எந்தக் கருவியில் போய் விழப்போகிறது என்பதிலும் இருந்திருக்க வேண்டும்.

அரங்கம் நிர்ப்பந்தத்தால் செய்ததை வீட்டில் இருக்கிறவன் நியமத்தால் செய்துகொள்ள வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நான் கடைப்பிடிப்பது இது: ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி, அறிவித்த நேரத்தில், நடுவில் நிறுத்தாமல், பின்னால் போகாமல், தனி ஆவர்த்தனம் உட்பட. கதவு தட்டப்பட்டால் எழுந்து போவேன். திரும்பி வரும்போது பாட்டு எங்கே இருக்கிறதோ அங்கே சேர்ந்துகொள்வேன். நடுவில் போனது போனதுதான். இது சாமியார்த்தனமாகத் தோன்றலாம். போனதைப் போகவிடத் தெரியாதவனுக்கு ராகம் கிடைக்காது என்பது என் அனுபவம்.

சபாக்களும் ஒன்று செய்யலாம். ஆண்டுக்கு ஒரு கச்சேரியையாவது, ஒரே ஒரு தரம், ஒரே நேரத்தில் எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட்டு, பதிவைப் பூட்டி வைத்துவிடலாம். அன்றைக்குக் கேட்டவர்கள் கேட்டவர்கள். கைதட்டல் கேட்காது. ஆனால் எத்தனையோ வீடுகளில் ஏதோ ஒரு நொடியில் ஏதோ ஒரு வேலை நின்றுபோகும். மேடையில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. தெரியாமலே பாடுவதற்கு அவர் தயாராக இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.