கொல்லிமலைப் பிள்ளைகள் இலக்கியம் படிக்கும்போது

பொதுத்தேர்வுத் தமிழ்த்தாளில் ‘நயம் பாராட்டுக’ என்றொரு வினா உண்டு. சில அடிகளைக் கொடுத்து, திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்பிட்டு எழுதச் சொல்வார்கள். ஒரு கவிதையைப் படித்தபோது தனக்கு என்ன தோன்றியது என்று மாணவர் எழுத நம் பள்ளிக்கல்வி ஒதுக்கியிருக்கும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். அந்த இடமும் பாட்டைப் பார்ப்பதற்கு முன்பே நிரம்பிவிடுகிறது. மோனைக்கு ஒரு யானை, எதுகைக்கு ஒரு வைகை என்று உரைநூல்கள் வாக்கியங்களைத் தயாராக வைத்திருக்கின்றன. பாட்டு எதுவானாலும் விடை மாறுவதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தாம் இதை அதிகம் செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மாணவரின் சொந்த வாசிப்பை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்களில் முன்னோடி ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ். கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததைத் தொகுத்து 1929இல் நூலாக்கினார். பெயர் தெரியாதபோது படித்த பிள்ளைகளே எவ்வளவு தடுமாறினார்கள் என்பது அதில் வெளிப்பட்டது. தடுமாற்றத்துக்கான காரணங்களில் ஒன்றாக, பாட்டுக்குத் தொடர்பில்லாத சொந்த நினைவுகள் குறுக்கிடுவதையும் அவர் சேர்த்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் லூயிஸ் ரோசன்பிளாட் வேறு திசையில் போனார். வாசகர் கொண்டுவரும் வாழ்க்கையும் ஏட்டில் இருக்கும் சொல்லும் கூடும்போதுதான் கவிதை நிகழ்கிறது என்றார். நினைவு வரட்டும், ஆனால் அது மறுபடி சொல்லிடம் திரும்ப வேண்டும் என்பது அவர் விதித்த கட்டுப்பாடு. வகுப்பறைக்கு இந்தக் கட்டுப்பாடு மிகவும் தேவை.

நம்மிடமும் இதற்கு முன்னோர் உண்டு. திருநெல்வேலியில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு வட்டத்தொட்டி என்ற ரசிகர் கூட்டத்தில் கம்பனை வாய்விட்டுப் படித்தார்கள், அனுபவித்ததைப் பேசினார்கள். பண்டிதர் உரையிலிருந்து கவிதையை மீட்டது பெரிய காரியம். ஆனால் தம் ரசனைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளி, பாடத்தையே அவர் திருத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோசன்பிளாட் சொன்ன கட்டுப்பாடு அறுந்த இடம் அது. விமர்சகர் க.நா.சு. தம் ரசனையை ஒளிக்காமல் நல்ல நூல்களைப் பட்டியல் போட்டார். அதோடு நிற்காமல் காரணம் காட்டு என்று கேட்டது சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ். ஆனால் இவர்கள் எல்லாரும் தேர்ந்த வாசகர்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

நாமக்கல் மாவட்டத்தில் அப்படிக் கேட்டவர் பெருமாள்முருகன். நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பை நடத்தினார். மாணவர்கள் அங்கே கட்டுரை படித்தார்கள், விவாதித்தார்கள். அந்தத் தொடர்பில் விளைந்ததுதான் 2013இல் வந்த ‘சாதியும் நானும்’ தொகுப்பு. அது இலக்கிய விமர்சன நூல் அன்று, தன்னனுபவக் கட்டுரைகள். ஆனாலும் ‘நான்’ என்று தொடங்கி எழுத ஒருவருக்கு அனுமதி கிடைத்தால் உரைநடை எப்படி நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த ‘நான்’ கவிதை வகுப்புக்கும் வர வேண்டும்.

பிள்ளை என்ன நினைக்கிறது என்ற கேள்வி அதே மாவட்டத்தின் கொல்லிமலைக்கு இன்னும் நெருக்கமானது. காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, தேவனூர்நாடு ஊர்களில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டு தூரத்துப் பொருளாகத் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் நிற்கும் மலையே அதில் இருக்கிறது. கபிலரும் பரணரும் பாடிய கொல்லிப்பாவை என்ற பெண்சிலை இந்த மலையின் மேற்குச் சரிவில் இருந்ததாகச் சொல்லப்படுவது. காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலம் நடுங்கினாலும் அழகு குன்றாத பாவை என்கிறது நற்றிணை. தலைவிக்கு அதை உவமையாக்குகிறார்கள். ‘அணி நயம்: உவமை’ என்று எழுதி முடிக்கலாம். ஆனால் விறகும் தண்ணீரும் சுமந்து இந்தச் சரிவில் ஏறியிறங்கும் ஒரு பெண்பிள்ளைக்கு, நகரவே நகராத சிலையை ஏன் பெண்ணுக்கு ஒப்பிட்டார்கள் என்று கேட்கத் தோன்றினால், அது பாட்டுக்கு வெளியே போகும் கேள்வி இல்லை. தலைவியை நெஞ்சைவிட்டு நகராதவளாகக் காட்டத்தான் புலவருக்கு அந்தப் பாவை தேவைப்பட்டது. அந்தப் பெண்பிள்ளையின் கேள்வி நேரே அங்கேதான் போய்ச் சேரும்.

புறநானூற்றில் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடும் வன்பரணரின் 152ஆம் பாட்டும் அப்படியே. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவிப் புற்றிலிருக்கும் உடும்பில் போய்த் தைக்கிறது. ‘வில்லாற்றல், கொடைச்சிறப்பு’ என்பது எல்லாரும் எழுதும் விடை. எனக்குப் பிடித்த இடம் வேறு. எதிரே நிற்கும் வேட்டுவன் ஓரிதானா என்று உறுதியாகத் தெரியாமல் பாணர் கூட்டம் பாடுகிறது. ‘கோ’ என்ற சொல் வந்ததும் அவன் வெட்கப்படுகிறான். கொன்ற மானின் சமைத்த இறைச்சியும் கள்ளும் தந்து, மலையில் கிடைத்த பொன்னும் மணியும் தருகிறான். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவில் செம்மேட்டுச் சிலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, முகத்துக்கு நேரே புகழ்ந்தபோது கூசிய மனிதன் அவன் என்பது புதுச் செய்தியாக இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் காட்டுப்பன்றி படுத்தும் பாடும் தெரியும், உடும்பு எங்கே பதுங்கும் என்றும் தெரியும். அம்பு போன வழியை அது நம்மைவிடத் தெளிவாகப் பார்க்கும்.

குறிஞ்சிப் பாட்டில் வரும் தினைப்புனக் காவல் இன்னும் சிக்கலானது. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதியைக் குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. அது கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்து வருகிறது. ஆக, கிளி ஓட்டும் தலைவியின் வேலை பாட்டிக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியாமல் போகலாம். பாட்டியிடம் கேட்டு எழுதி வா என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அந்தப் பக்கத்தில் உரையாசிரியர் எவருக்கும் கிட்டாத செய்தி இருக்கும்.

சிறுகதைகளைப் பொறுத்தவரை பாடநூல்கள் நன்றாகவே தேர்ந்திருக்கின்றன. கந்தர்வனின் ‘தண்ணீர்’ ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது. ரயிலில் தண்ணீர் பிடிக்க ஏறிய இந்திரா வண்டி நகர்ந்ததால் போய்விட்டு, தண்டவாளத்தோரமாகக் குடத்து நீரோடு நடந்தே திரும்பும் கதை. ஆகாயகங்கை கொட்டும் மலையில் இருக்கும் பிள்ளை இதை வறண்ட ஊரின் கதையாக மட்டும் படிக்காது, குடத்தின் கனம் அதற்குத் தெரியும். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ பதினொன்றாம் வகுப்பில். சுற்றுலா வந்தவர் எறிந்த பாட்டில் யானையின் காலைக் கிழிப்பதைப் படிக்கும் மலைப்பிள்ளை, தன் ஊரின் வழித்தடங்களில் மினுங்கும் கண்ணாடித் துண்டுகளை நினைக்காமல் இருக்குமா? வகுப்பில் கேட்கப்படுவதோ ‘கதையின் மையக்கருத்தைச் சுருக்கி வரைக’.

ஆசிரியர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. உண்டு உறைவிடப் பள்ளியில் ஒருவரே பல வகுப்புகளைப் பார்க்கிறார். விடைத்தாள் திருத்துபவர் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது. பிள்ளையின் சொந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் எழுதியிருக்காது. ‘எனக்குப் பிடித்தது’ என்பதை மட்டும் மதிப்பிட முடியாது என்ற வாதமும் நியாயமானதே. அதனால்தான் இரண்டு கேள்வி சேர்ந்து வர வேண்டும் என்கிறேன்: உனக்கு என்ன தோன்றியது, எந்தச் சொல் அப்படித் தோன்றச் செய்தது? இரண்டாவதற்கு விடை சொல்லும் பிள்ளைக்கு மோனையும் எதுகையும் தேவைப்படும் இடத்தில் தானே வந்து நிற்கும். பொதுத்தேர்வு மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பின் வகுப்புத்தேர்வில், ஒரே ஒரு பாட்டுக்கு, இந்த ஆண்டே இதைக் கேட்டுப் பார்க்கலாம்.