சுவருக்கு இந்தப் பக்கம்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் குளியலறைக் குழாய்கள் சீக்கிரம் பழுதாவதற்கு முதல் காரணம் தண்ணீர்தான். காவிரி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து வரவேண்டிய ஊர் இது. நகரின் இந்தத் தென்கோடியில் பல குடியிருப்புகள் போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பியே எழுந்தன. அந்த உப்புத் தண்ணீர் ஷவரின் துளைகளை அடைக்கிறது, குழாயின் கழுத்தில் வெள்ளை வளையமாகப் படிகிறது. உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜின் செராமிக் தட்டுகளுக்கு நடுவில் புகுந்த துகள் கீறிவிட்டால், எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டு நிற்காது. இந்த நிலையில் குழாயை நாமே மாற்றிவிடலாம் என்று எண்ணுவது சரியா?

பெரும்பாலும் சரி என்பதே என் கருத்து. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டாலும் 4 லிட்டருக்கு மேல் வீண். 2024 மார்ச்சில், தண்ணீர்ப் பஞ்சத்தின் உச்சத்தில், பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அடுக்குமாடிகளின் குழாய்களில், தண்ணீர் வரத்தைக் குறைக்கும் ஏரேட்டர் பொருத்தச் சொன்னது. அப்படிப்பட்ட ஊரில், சிறு வேலைக்கு ஆள் கிடைக்கும்வரை சொட்டவிடுவதைவிட அன்றைக்கே கைவைப்பது நல்லது.

வேலையும் எட்டாத வித்தை அல்ல. நம் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை அங்குல மரை கொண்டவை. சுவருக்கு வெளியே தெரியும் வால் மிக்சரில் வெந்நீர், தண்ணீர் வாய்கள் இரண்டுக்கும் இடைவெளி பொதுவாக 150 மில்லிமீட்டர்; சிறு வித்தியாசத்தை வளைந்த இணைப்புகளைத் திருப்பிச் சரிசெய்யலாம். மரையின் வாய் நம்மைப் பார்க்க இருக்கும்போது டெஃப்லான் டேப்பைக் கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், முறுக்கும்போதே டேப் பிரிந்து வந்துவிடும். கழற்றிப் பார்க்கிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: குழாய் முழுவதையும் மாற்றாமல் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும் என்பது பல சமயம் அப்போதுதான் தெரியவரும்.

ஆனால் நாமே கைவைப்பதன் ஆபத்துகள் சுவருக்கு உள்ளே இருக்கின்றன. புதிய கட்டடங்களில் பெரும்பாலும் சிபிவிசி பைப்தான். குழாயைத் தாங்குவது அதன் முனையில் பித்தளை மரை பதித்த எல்போ. உப்பேறி இறுகிய பழைய குழாயை முழு பலத்தோடு திருகினால், குழாய் கழல்வதற்கு முன் எல்போ விரிசல் விடக்கூடும். அந்தக் கசிவு நம் கண்ணில் படாது. சில வாரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டாகத் தெரியும். ஒருவர் மிச்சம் பிடித்த கூலிக்கு அடுத்த வீட்டார் விலை கொடுக்கும் நிலை இது. தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும், டைல்ஸுக்குள் புதைத்த டைவர்ட்டரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பிளம்பரின் கைப்பழக்கத்துக்கு இங்கேதான் மதிப்பு. ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்துப் பட்டமுண்டையிலிருந்து இந்தியா முழுதும் பிளம்பர்கள் போகிறார்கள். அந்த ஊரில் இதற்கென்றே அரசுப் பயிற்சி நிலையமும் இருக்கிறது. எந்த அளவு அழுத்தத்தில் மரை வழிவிடும், எதற்கு மேல் உடையும் என்ற கணிப்பு, காணொளி பார்த்து வருவதல்ல.

ஆகவே, தொடங்கும் முன்பே எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். கெய்சரை அணைத்து, குளியலறை வால்வை மூடி, குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் முழுதாக நிற்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வால்வு மூடி, குழாயும் மிதமான விசைக்கு அசைந்தால் தொடரலாம். இல்லையென்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு: வால்வுகளை ஆண்டுக்கொரு முறை சோதிப்பதும், தண்ணீரின் உப்பைக் குறைக்கும் அமைப்பைப் பராமரிப்பதும் அவர்கள் வேலை. அதைச் செய்யாதவரை, எத்தனை புதுக் குழாய் மாட்டினாலும் அதே உப்பு அதையும் தின்னும்.