அணியும் ஆவணமும்
தீவகத்துக் கலை நிருவாகமும் நகவண்ணக் கலையும்

கலைகள் 64 என எண்ணும் வழக்கு தமிழ் மக்களுக்குப் புதியதன்று. ஆயினும் அவ்வெண்ணை எடுத்துரைப்போரிற் பலர் அப்பட்டியலை விரித்து நோக்குவதில்லை. வாத்ஸ்யாயனர் தரும் பட்டியல் பாட்டு, வாத்தியம், ஆடல், ஓவியம் எனத் தொடங்குகின்றது. அவற்றை அடுத்து, இடையில் எவ்விதக் கோடும் கிழிக்கப்படாமல், அரிசியாலும் மலராலும் கோலமிடலும், பல்லுக்கும் ஆடைக்கும் உடலுக்கும் வண்ணமூட்டலும், மாலை தொடுத்தலும் வந்து சேர்கின்றன. அரங்கில் நிகழ்வதும் அடுக்களை முற்றத்தில் நிகழ்வதும் ஒரே நிரலில் நின்றன. இன்றைய கலை நிருவாகத்தின் நிரல் அத்தகையதன்று. அதில் எவை இடம் பெறுகின்றன, எவை புறத்தே நிற்கின்றன, அப்பிரிப்புக்கு ஏது யாது என்பவற்றை நகத்தில் வண்ணமிடும் சிறு கலையொன்றை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் கலை நிருவாகம் அரச பணியாக உருப்பெற்ற வரலாறு நீண்டதன்று. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இலங்கைக் கலைக்கழகம் தோன்றியது. 1956இல் கலாசார அலுவல்களுக்கென அமைச்சுப் பொறுப்பு ஏற்பட்டது. இன்று அதன் கடைசிக் கண்ணி பிரதேச செயலகமாகும். யாழ்ப்பாணத் தீவுகளைப் பொறுத்தவரை ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் என நான்கு செயலகங்கள் உள. நயினாதீவு வேலணைப் பிரிவினுள் அடங்கும். கலைஞரின் விவரங்களைத் திரட்டுதல், போட்டிகளையும் பிரதேச கலாசார விழாவையும் நடத்துதல், மலர் வெளியிடுதல், விருதுகளுக்கு உரியோரைப் பரிந்துரைத்தல் என்பன கலாசார உத்தியோகத்தரின் கடமைகள். குறிகாட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்ல வேண்டிய நிலப்பரப்பில் இக்கடமைகள் எளியன அல்ல. இத்தகைய பதவியில் இருக்கும் ஒரு பெண், அலுவலகம் முடிந்த பின்னர் நகவண்ணத்தைத் தம் சொந்தக் கலையாகப் பயில்வாராயின், அவர் பகலில் எழுதும் பதிவேட்டில் அவரது மாலைப்பொழுதின் கலைக்கு இடமுண்டா? இவ்வினா தனியொருவரைப் பற்றியதன்று. கலை என்பதற்கு நிருவாகம் வகுக்கும் வரைவிலக்கணத்தைப் பற்றியது.

முதலில் அக்கலையின் இயல்பை அறிதல் வேண்டும். ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பும், வளைந்த முகமும், ஓயாத அசைவும் கொண்ட தளம் அது. அடிப்பூச்சு, வண்ணம், கோடும் புள்ளியும், மேற்பூச்சு என்ற ஒழுங்கில், ஒவ்வொரு படையும் உலரும் வரை காத்திருந்து வேலை செய்தல் வேண்டும். பத்து நகங்களும் பத்துச் சிறு படங்களாகவும், விரல்களைச் சேர்த்தவிடத்து ஒரே படமாகவும் அமைதல் உண்டு. வலக்கையாற் பழகியவர் தம் வலக்கை நகங்களுக்கு இடக்கையாலேயே வண்ணமிட வேண்டும். சாதாரணப் பூச்சு ஒரு கிழமையளவில் உதிரத் தொடங்கும். புறஊதா விளக்கில் இறுக்கப்படும் ஜெல் பூச்சு இரண்டு மூன்று கிழமைகள் நிற்கும். இலங்கையில் நகப்பூச்சுக்குப் பொதுப்பெயராகவே வழங்கும் 'கியூட்டெக்ஸ்' என்னும் வணிகப் பெயர், 1917 அளவில் அமெரிக்காவில் அந்நிறுவனம் விற்பனைக்கு விட்ட திரவப் பூச்சோடு பரவியது. அதனால் இக்கலை முற்றிலும் அந்நியச் சரக்கு என்று எண்ணுவோர் உளர்.

அவ்வெண்ணம் பொருந்தாது. மருதோன்றியை அரைத்து விரல்நுனிக்குத் தொப்பியிடும் வழக்கம் தீவகத்து இல்லங்களுக்கு நன்கு பழக்கமானது. மருதோன்றி இலையிலுள்ள லோசோன் என்னும் சாயப்பொருள் நகத்தின் கெரற்றினோடு பிணைந்துவிடுவதால் அந்நிறம் கழுவிப் போவதில்லை. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளர்ந்து தள்ளும்போது, ஓர் அரையாண்டில், அது பிறைவடிவாகத் தேய்ந்து மறையும். பரதநாட்டியம் ஆடுவோர் விரல்நுனியைச் சிவப்பூட்டுவதும் இம்மரபைச் சார்ந்ததே; முத்திரைகள் தொலைவிலிருப்போருக்கும் தெளிவாகப் புலப்பட அச்சிவப்பு உதவுகின்றது. இங்கு ஒரு முரண்பாடு வெளிப்படுகின்றது. அதே சிவப்பு அரங்கேறிய கையில் இருக்கும்போது நடனக்கலையின் ஒப்பனையாகின்றது. அரங்கேறாத கையில் இருக்கும்போது பெண்களின் பொழுதுபோக்காகின்றது. மாறியது கலையன்று, அது நிற்கும் இடமே.

நகவண்ணத்தைக் கலையெனக் கொள்ளத் தயங்குவோர் முதலிற் கூறும் காரணம் அதன் நிலையாமை. இரண்டு கிழமையில் அழிந்துபோவதைப் பதிவேட்டில் எவ்வாறு எழுதுவது என்பர். ஆனால் நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தின் ஆனி மகோற்சவத்தை நேரிற் கண்டவர்க்கு இக்காரணம் வலுவற்றது என்பது விளங்கும். உற்சவ மூர்த்திக்குச் செய்யப்படும் சாத்துப்படி ஒரு பொழுதுக்கு உரியது. மலரும் பட்டும் நகையும் கொண்டு மணிக்கணக்கில் உருவாக்கப்பட்ட வடிவம் வீதியுலா முடிந்ததும் கலைக்கப்படும். அதனாற் சாத்துப்படி செய்வோரின் கைத்திறனை யாரும் குறைத்து மதிப்பதில்லை. 'இன்றைய சாத்துப்படி யாருடையது?' என்று கேட்டறியும் ரசிகர் யாழ்ப்பாணத்தில் என்றும் உளர். மறுபுறம், நிலையானவை என்று எண்ணப்பட்டவற்றின் கதியையும் இம்மண் கண்டிருக்கின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது பொருள்கள் பின்தங்கின. கைப்பழக்கம் மட்டுமே உடன் சென்றது. ஆதலின் நிலைபேறு என்பதைக் கலையின் அளவுகோலாகக் கொள்வது இம்மண்ணின் அனுபவத்தோடு பொருந்துவதன்று.

இரண்டாவது காரணம், அலங்காரம் மிகை என்பது. பொருளே முதன்மையானது, அணி அதன்மேல் ஒட்டியது என்னும் கருத்து நவீனக் கல்வியின் வழி வேரூன்றியுள்ளது. தமிழ் இலக்கண மரபு இவ்வாறு கருதவில்லை. எழுத்து, சொல், பொருள், யாப்பு என்பவற்றோடு அணியும் சேர்த்து இலக்கணம் ஐந்தென வகுக்கப்பட்டது. தண்டியலங்காரம் என ஒரு முழு நூலே அணிக்கென எழுந்தது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1939இல் அணிகலன் பற்றி எழுதிய கட்டுரையொன்றில் இதனைச் சொல்லாராய்ச்சியால் நிறுவினார். 'அலங்காரம்' என்பதன் அடியாகிய 'அலம்' போதுமானதெனப் பொருள்படுவது. எனவே அலங்காரம் என்பது ஒன்றை அதன் பணிக்குப் போதியதாக்கி முழுமை செய்தலேயன்றி வீண் மிகையன்று என்பது அவர் கருத்தின் சாரம். 'பூஷணம்' என்ற சொல்லையும் அவர் இவ்வகையிலேயே நோக்கினார். இலங்கை அரசு 60 வயதை எட்டிய கலைஞர்களுக்கு வழங்கும் விருதின் பெயர் 'கலாபூஷணம்' என்பது இங்கு எண்ணத்தக்கது. கலைஞரைக் கலையின் அணி என்று போற்றும் நிருவாகம், அணி செய்தலைக் கலையென எண்ணத் தயங்குவது விந்தையே.

குமாரசுவாமியின் வாழ்வே இவ்விடத்துச் சிறந்த எடுத்துக்காட்டு. 1877இற் கொழும்பிற் பிறந்த அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தை நடத்தினார். 1917 முதல் 1947இல் மறையும் வரை அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணிபுரிந்தார். சேகரித்தல், பட்டியலிடுதல், காட்சிப்படுத்தல் என அவர் செய்தது முழுமையான கலை நிருவாகம். அதேவேளை அவர் கைத்தொழிலையும் விட்டாரல்லர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது 1908ஆம் ஆண்டு நூலை இங்கிலாந்தில் கையச்சிலேயே 425 பிரதிகள் அச்சிடுவித்தார். ஒளிப்படம் எடுப்பதிலும் பேரார்வம் கொண்டிருந்தார். அக்காலத்தில் ஒளிப்படம் ஒரு பொறியின் வேலை எனக் கருதப்பட்டமையால் பெரும் நூதனசாலைகள் அதனைக் கலையாகச் சேர்க்கத் தயங்கின. 1924இல் அல்பிரட் ஸ்டீக்ளிட்ஸ் என்பாரின் 27 ஒளிப்படங்கள் பொஸ்ரன் நூதனசாலைக்குள் இடம்பெற்றன. அதற்கு வழிசெய்தவர் குமாரசுவாமியே. மாலைப்பொழுதிற் பயின்ற கலை பகற்பொழுதின் பட்டியலைத் திருத்தியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈழத்துத் தமிழரிடையேயும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், படித்தோரால் நாட்டுப்புறத்தாருடையதென ஒதுக்கப்பட்ட கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொண்டுவந்தார். 1962இற் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை' என அவர் தயாரித்தவை கூத்துக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தன. குழுவிற் கோவை பார்த்தவரும் ஒத்திகையில் நின்றவரும் ஒருவரே என்பது இங்கு முக்கியமானது. எனினும் அங்கீகாரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. விடியவிடிய ஆடப்பெற்ற கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு ஏறியது. நிருவாகம் ஒரு கலையை ஏற்கும்போது தன் வசதிக்கேற்ப அதனை வெட்டியும் ஏற்கின்றது. நகவண்ணத்தைப் பற்றிப் பேசுங்கால் இவ்வெச்சரிக்கையையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு சமூகவியல் சார்ந்தது. மேற்கூறிய இரண்டினும் வலிமையுடையது. நீண்ட நகம் உழைக்காத கையின் அடையாளம் என்பதே அது. சீனத்து உயர்குடியினர் நகத்தை வளர்த்து அதற்கு உறையிட்டுக் காத்தனர். ஓய்வைப் பகட்டாகக் காட்டுதலே மேட்டுக்குடியின் இயல்பு என 1899இல் தோர்ஸ்ரைன் வெப்லன் எழுதினார். வலையிழுக்கும் கைக்கும், சார்வோலை கிழித்துப் பெட்டி இழைக்கும் கைக்கும், நெடுந்தீவின் முருகைக்கல் வேலியைச் சாந்தின்றி அடுக்கும் கைக்கும் நகவண்ணம் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆயினும் இக்கூற்று முழு உண்மையன்று. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஓடிய புளோரன்ஸ் கிரிபித் ஜொய்னர் தம் நீண்ட நகங்களை வண்ணமிட்டே களமிறங்கினார். அவ்வாண்டில் 100 மீற்றரில் அவர் நிலைநாட்டிய 10.49 செக்கன் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. வறிய குடும்பத்திற் பிறந்த அவர், சியோலுக்கு முந்திய ஆண்டுகளிற் பகலில் வங்கியிற் பணிபுரிந்து, இரவிற் பிறர்க்கு முடியும் நகமும் அலங்கரித்துப் பொருளீட்டியவர். அந்நகங்கள் ஓய்வின் அடையாளமல்ல. உழைப்பின் இடைவேளையில் தன் உடலைத் தானே வடிவமைத்துக்கொண்ட ஒருத்தியின் கையெழுத்து. மருதோன்றியும் அவ்வாறே. அது நகத்தை நீளச் செய்யாமலே நிறமூட்டுவது. ஆதலின் உழைக்கும் கைக்கும் உரியதாயிற்று.

இதனால் நகத்திற் பூசப்பட்டவை யாவும் கலையென்பது பெறப்படாது. கடையில் வாங்கிய ஒட்டுப்படத்தை ஒட்டுதலும், வணிகப் பட்டியலிற் கண்டதை அப்படியே பெயர்த்தெழுதுதலும் திறமையாகலாம், படைப்பாகா. சிறு பரப்பின் வரம்பைத் தன் வலிமையாக்கிக்கொள்ளுதல், பத்து விரல்களையும் ஓர் ஒழுங்கிற் சிந்தித்தல், இக்கை யாருடையது, எவ்விழாவுக்குரியது என்ற அறிவு ஆகியனவே அளவுகோல்களாக அமைதல் வேண்டும். பனையோலைப் பெட்டியிற் சாயமிட்ட ஓலை ஊடும் பாவுமாக நின்று தரும் கட்டங்கள், வாசற்கோலத்தின் புள்ளிக் கணக்கு, சாத்துப்படியின் நிற அடுக்கு என்பன தீவகத்திற் கைக்கெட்டும் தொலைவில் உள்ள வடிவங்களாகும். அவற்றை நகப்பரப்புக்கு ஏற்றவாறு சுருக்கி அமைக்கும் கை, இரவல் வாங்கிய கையாகாது.

இவ்விடத்து நிருவாகத்தின் வகைப்பாடே தடையாக நிற்கின்றது. பனையோலை வேலை கைப்பணி என வகுக்கப்பட்டு, 1978இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபை போன்ற பொருளாதார நிறுவனங்களின் பொறுப்பாயிற்று. மணப்பெண் அலங்காரமும் நகவண்ணமும் 'அழகுக்கலை' எனப் பெயர் பெற்றிருந்தும் தொழிற்பயிற்சியின் பாற்பட்டன. பெயரிற் கலை இருக்கின்றது, கோவையில் இல்லை. பெண்களின் கையில் வளர்ந்த கலைகளே பெரும்பாலும் இவ்வாறு தொழிலென்றும் பொழுதுபோக்கென்றும் இரு பக்கமும் தள்ளப்பட்டன என்பது தற்செயலன்று.

எனவே செய்யத்தக்கது யாது? நகவண்ணத்துக்கெனப் போட்டியும் கேடயமும் ஏற்படுத்துதல் அதனைக் கூத்தைப் போல் மேடைக்கு வெட்டுவதாகவே முடியும். அதனினும் எளியதும் பயனுடையதுமான வழி பதிவு. எவர், எவ்வூரில், யாரிடம் பயின்று, எவ்விழாவுக்கு, எவ்வடிவங்களைச் செய்கின்றனர் என்பதைப் படத்தோடு எழுதிவைத்தல் வேண்டும். மருதோன்றி, கோலம், சாத்துப்படி, நகவண்ணம் என்பவற்றை ஒரே நிரலில் எழுதுதல் வேண்டும். கூரிய கண்ணும் நடுங்காத கையும் வேண்டும் இக்கலைக்கு 60 வயது வரை காத்திருத்தலும் பொருந்தாது. இப்பணியைச் செய்யத் தகுந்தவர் அக்கலையைத் தாமே பயிலும் உத்தியோகத்தரேயாவர்; ஏனெனில் பதிவேட்டின் எந்தப் பத்தி வெறுமையாக உள்ளது என்பது அவருக்கே தெரியும். தம் மாலைப்பொழுதின் கலையை அலுவலக வாயிலில் மறைத்து வைப்பது அவருக்கு அடக்கமாகத் தோன்றலாம். ஆனால் அவ்வடக்கத்தால் இழப்பவர் அவர் ஒருவரல்லர். பெயர் எழுதப்படாத கைகள் பல.