ராபர்ட் பேர்டின் 18,689 வாக்குகள்

அமெரிக்க செனட்டின் வரலாற்றில் மிக அதிக முறை வாக்களித்தவர் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ராபர்ட் சி. பேர்ட். 1959 ஜனவரி முதல், 2010 ஜூன் 28 அன்று இறக்கும் வரை, 51 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அவையில் உறுப்பினராக இருந்தார். பெயர்வாரி வாக்கெடுப்புகளில் 18,689 முறை வாக்களித்தார். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். போட்டியிட்ட பொதுத்தேர்தல் எதிலும் தோற்றதில்லை. ஒருவர் நெடுங்காலம் பதவியில் நீடிப்பதால் மக்களாட்சிக்கு என்ன கிடைக்கிறது, எது பறிபோகிறது என்று ஆராய்வோருக்கு இதைவிடப் பெரிய வாக்குப் பதிவு செனட்டில் கிடையாது.

இந்தப் பதிவு சாத்தியமானதற்கு அமெரிக்க அரசியல் சாசனமே காரணம். அவையில் இருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால், யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்பதைப் பெயரோடு குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்கிறது முதலாம் உறுப்பின் ஐந்தாம் பிரிவு. குரல் வாக்கெடுப்பில் கூட்டத்தோடு கரைந்துவிட முடிகிற உறுப்பினர், பெயர்வாரி வாக்கெடுப்பில் தனித்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் அழியாது. தேர்தல் மேடையில் அவர் என்ன பேசினாலும், ஐம்பது ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கலாம்.

பேர்ட் 1917இல் வட கரோலினாவில் பிறந்தார். மறு ஆண்டு பரவிய இன்ஃபுளுவென்சாவில் தாய் இறந்தார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் அத்தையும் மாமாவும் அவரை வளர்த்தனர். இறைச்சிக் கடையில் வேலை செய்தார். போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தார். பிறகு மளிகைக்கடை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில், வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் உள்ளூர்க் கிளை ஒன்றை ஆள் சேர்த்து உருவாக்கி, அதன் தலைவராகவும் இருந்தார். 1946இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952இல் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டபோது கிளான் தொடர்பு அம்பலமானது. அப்போதும் வென்றார். 1958இல், பதவியில் இருந்த குடியரசுக் கட்சி செனட்டர் சாப்மன் ரெவர்கோமைத் தோற்கடித்துச் செனட்டில் நுழைந்தார். அதன்பின் எட்டு முறை மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1976இல் பொதுத்தேர்தலில் அவரை எதிர்க்க ஆளே இல்லை. 2000ஆம் ஆண்டில் மாநிலத்தின் 55 கவுண்டிகளையும் வென்றார். அதே நாளில் அதே வாக்காளர்கள் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷுக்கு வெற்றி தந்தார்கள். மாநிலம் கட்சி மாறத் தொடங்கியும் பேர்டை விடவில்லை.

அவருடைய வாக்குப் பதிவில் முதலில் ஆராய வேண்டியது 1964. கருப்பின மக்களுக்குப் பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் சம உரிமை தரும் குடிமையுரிமை மசோதாவை, பேசியே முடக்கிவிடத் தெற்கத்திய செனட்டர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் முயன்றனர். ஜூன் 9 இரவு பேசத் தொடங்கிய பேர்ட், 14 மணி 13 நிமிடம் நிறுத்தாமல் பேசி மறுநாள் காலைதான் அமர்ந்தார். விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானம் அன்றே 71-29 என்று நிறைவேறியது. ஜூன் 19 அன்று மசோதா 73-27 என்று வென்றது. உள்நாட்டுப் போர்க்காலத் தெற்குக் கூட்டமைப்பில் சேராத மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் எதிர்த்து வாக்களித்தவர் பேர்ட் ஒருவரே. அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார்.

தொகுதி மக்களின் மனநிலையைத்தான் அவர் பிரதிபலித்தார் என்று வாதிடுவோர் உண்டு. அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டரான ஜென்னிங்ஸ் ராண்டால்ஃபின் வாக்கு இந்த வாதத்தை உடைத்துவிடுகிறது. அவர் இரண்டு சட்டங்களையும் ஆதரித்தார். 1966இலும் 1972இலும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிர்த்த பேர்டும் 1964 நவம்பரில் எளிதாக வென்றார். ஆகவே மேற்கு வர்ஜீனியாவில் இந்த வாக்குக்காக யாருக்கும் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. 1964இல் பேர்ட் எடுத்த முடிவு அவருடைய சொந்த முடிவு. அதன் பழியும் அவருடையதே.

பிறகு அவர் மாறினார், ஆனால் நேர்கோட்டில் மாறவில்லை. வீட்டு வசதியில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். அந்த வாக்கை அளித்த அதே மாதத்தில், மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய ஊர்வலம் கலவரமானபோது, அவரை அவையிலேயே கடுமையாகத் தாக்கிப் பேசினார். ஒரு வாரத்துக்குள் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். 1983இல் கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கும் மசோதாவுக்கு ஆம் என்று வாக்களித்தார். முதுமையில், தம் வாழ்நாளில் மிகவும் வருந்தும் வாக்கு 1964ஆம் ஆண்டின் அந்த வாக்கே என்றும் சொன்னார். கிளானில் சேர்ந்ததற்குப் பலமுறை மன்னிப்பும் கேட்டார்.

எண்ணிக்கை மட்டும் பார்த்து ஒருவரை எடைபோடுவது எங்கே தவறும் என்பதற்கும் பேர்டிடமே சான்று உண்டு. உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட முதல் இரண்டு கருப்பின நீதிபதிகளையும், அதாவது 1967இல் தர்குட் மார்ஷலையும் 1991இல் கிளாரன்ஸ் தாமஸையும், எதிர்த்து வாக்களித்த ஒரே செனட்டர் அவர்தான். அட்டவணையில் இந்த இரண்டு வாக்குகளும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது, குடிமையுரிமை இயக்கத்தின் தலைசிறந்த வழக்கறிஞரைத் தடுக்கும் முயற்சி. இரண்டாவது, தாமஸ் மீது பாலியல் தொல்லைப் புகார் சொன்ன கருப்பினப் பெண் அனிதா ஹில்லின் சாட்சியத்தை நம்புவதாக அறிவித்து, ஹில்லின் பக்கம் நின்று அளித்த வாக்கு. காரணத்தை நீக்கிவிட்டு வாக்கை மட்டும் எண்ணினால் நேர்மாறான இரண்டு செயல்கள் ஒரே வரிசையில் வந்து நின்றுவிடும். குறிப்பேட்டோடு விவாத உரையையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

நீண்ட பதவிக்காலத்தின் உண்மையான பயன் 2002இல் வெளிப்பட்டது. 1964 ஆகஸ்டில், வியட்நாம் போருக்கு வழிதிறந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் 88-2 என்று நிறைவேறியபோது ஆம் என்றவர்களில் பேர்டும் ஒருவர். 38 ஆண்டுகள் கழித்து, ஈராக் மீது படையெடுக்கும் அதிகாரத்தை அதிபருக்குத் தரும் தீர்மானம் வந்தபோது, அந்தப் பழைய வாக்கை அவையில் வெளிப்படையாக நினைவூட்டி, அதே பிழையை மீண்டும் செய்யக் கூடாது என்று எச்சரித்தார். தீர்மானம் 77-23 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியின் 50 செனட்டர்களில் 29 பேர் அதை ஆதரித்தனர். தம் கையாலேயே கையெழுத்திட்டது போன்ற ஒரு தவற்றை முன்வைத்து அவையை எச்சரிக்கும் தகுதி புதிதாக வந்தவர்களுக்கு இருக்க முடியாது. அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை அதிபரிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே அவருடைய பிற்கால வாக்குகளின் அடிச்சரடு. செலவு மசோதாக்களில் பிடிக்காத ஒதுக்கீடுகளை மட்டும் அதிபர் நீக்கலாம் என்ற 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தார். அதற்கு முன்பே, 1993இல், அதே யோசனையை எதிர்த்து, ரோமானியக் குடியரசின் செனட் எப்படி வீழ்ந்தது என்று பதினான்கு உரைகள் ஆற்றியிருந்தார். 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு, உறுப்பினர்களுக்கு வழக்காடும் உரிமை இல்லையென்று 1997இல் தள்ளுபடியானது. வேறொரு வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது.

இந்தக் கொள்கைப் பிடிப்பில் தன்னலமும் கலந்திருந்தது. அதிபர் நீக்கக்கூடிய ஒதுக்கீடுகளில் மேற்கு வர்ஜீனியாவுக்கு என்று பேர்ட் சேர்த்த ஒதுக்கீடுகளும் இருந்திருக்கும். 1989இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானதும், தம் மாநிலத்துக்கு நூறு கோடி டாலர் கொண்டுவருவதாக அறிவித்து, குறித்த காலத்துக்கு முன்பே அதைத் தாண்டினார். எஃப்.பி.ஐ.யின் கைரேகைப் பிரிவு வாஷிங்டனிலிருந்து கிளார்க்ஸ்பர்க் நகருக்குப் போனது. கடற்கரையே இல்லாத மாநிலத்துக்குக் கடலோரக் காவல் படையின் கணினி மையம் ஒன்று வந்தது. நெடுஞ்சாலை, பாலம், மருத்துவ மையம், தொலைநோக்கி எனப் பலவற்றுக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. சுரங்க வேலை சுருங்கிக்கொண்டிருந்த ஏழை மாநிலத்துக்கு இந்த வேலைவாய்ப்புகள் மிகவும் தேவைப்பட்டன என்பதை மறுக்க முடியாது. ஆனால் தேவையை அளந்து இவை பகிரப்படவில்லை. குழுவில் யார் மூத்தவர் என்பதே முடிவு செய்தது. இதே அளவு ஏழ்மையுள்ள வேறு மாநிலங்களுக்கு ஒரு பேர்ட் இல்லை என்பதற்காக ஒன்றும் கிடைக்காமல் போவது நியாயமில்லை. வாக்காளருக்கும் இது ஒரு பொறி: புதியவரைத் தேர்ந்தெடுத்தால் மூத்தவருக்குரிய இடமும் அதோடு வரும் பணமும் போய்விடும். அந்த நிலையில் எதிர்க்கட்சியும் பெயரளவுக்கே போட்டியிடும்.

பெயர்வாரிக் குறிப்பேடு காட்டாத இடம் இதுதான். பல நூறு ஒதுக்கீடுகளைக் கொண்ட ஒரு மசோதாவுக்கு ஒரே ஒரு ஆம். அந்த ஒதுக்கீடுகள் எப்படி உள்ளே வந்தன என்பது குழு அறையில் தீர்மானமாகிவிடும். 1971இல் செனட்டர் எட்வர்ட் கென்னடியை 31-24 என்று வென்று பேர்ட் கட்சிக் கொறடா ஆனதும் அவைக்கு வெளியே நடந்ததுதான். சக உறுப்பினர்களுக்கு நாள்தோறும் செய்துவந்த சிறு உதவிகள் அந்த வெற்றியைத் தந்தன. அவருடைய உண்மையான செல்வாக்கு இப்படி வளர்ந்தது. 18,689 என்ற எண்ணில் அதற்கு இடமில்லை.

வருகைப் பதிவையும் அளவோடுதான் போற்ற வேண்டும். 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்கெடுப்புகளில் கலந்துகொண்டது பெரிய கடமையுணர்வு. ஆனால் அந்த வாக்கெடுப்புகளில் பலவும் வெறும் நடைமுறை சார்ந்தவை. கடைசி ஆண்டுகளில் உடல்நிலையால் அந்தக் கடமையும் தளர்ந்தது. 2006இல் 88 வயதில் மேலும் ஆறு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2009இல் அவையின் தற்காலிகத் தலைவர் என்ற முறையில், அதிபர் பதவிக்கான வாரிசு வரிசையில் மூன்றாமவராக 91 வயதில் இருந்தார். தற்காலிகத் தலைவர் பதவிக்கு மூப்பு ஒன்றையே தகுதியாகக் கொள்ளும் இந்த மரபு ஆபத்தானது. அதே ஆண்டு டிசம்பர் 24 காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் அவைக்கு அழைத்து வந்தார்கள். அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா 60-39 என்று நிறைவேறியது. அந்த அறுபதில் ஒன்று அவருடையது.

பேர்ட் இறந்த பிறகு அவருடைய செனட் இடத்தை ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்ச்சின் சில தேர்தல்கள் வரை காத்தார். 2024 தேர்தலில் மான்ச்சின் போட்டியிடவில்லை. இடம் குடியரசுக் கட்சிக்குப் போனது. இப்போது மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு செனட் இடங்களும் அந்தக் கட்சியின் வசமே உள்ளன. அரை நூற்றாண்டு வெற்றிகள் பேர்டின் கட்சிக்கு அந்த மாநிலத்தில் வேர் எதையும் விட்டுவைக்கவில்லை.